பாயும் கம்பளமும்

சென்னை மந்தைவெளியில், இராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து கிளைபிரியும் தெருவொன்றில் அந்த வீடு இருந்தது. கூரையும் சன்னல்களும் காலத்துக்கேற்ப மாறியிருந்தன. தரையை மட்டும் எவரும் மாற்றவில்லை. இரும்பு ஆக்சைடு தூளைச் சிமென்ட்டோடு கலந்து பூசிய செங்காவித் தரை அது. கொத்தனார் மண்டியிட்டு அமர்ந்து எஃகுக் கரணையால் மீண்டும் மீண்டும் இழைத்து, பின்பு நாள்கணக்கில் நீர்கட்டி உறுதிப்படுத்திய தரை. போட்ட புதிதில் அதற்கு அவ்வளவு பளபளப்பு இல்லை. தேங்காய் எண்ணெய் தோய்த்த துணியும், மூன்று தலைமுறையின் வெறுங்கால்களும் சேர்ந்து கொடுத்த மெருகு அது. கத்திரி வெயில் காலத்துப் பிற்பகல்களில் அவ்வீட்டார் பாயைக்கூட விரிப்பதில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வார்கள். மின்விசிறி நின்றுபோனாலும் தரை கைவிட்டதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முழங்கால் அளவு நீர் வீட்டுக்குள் நின்றது. மெத்தைகளும் புத்தகங்களும் பாழாயின. நீர் வடிந்த பின் தரையை நான்கு முறை கழுவினார்கள். அது பழையபடி ஆகிவிட்டது.

அந்த வீட்டை இடித்து அடுக்ககம் கட்டுவதென்று 2018ஆம் ஆண்டு முடிவாயிற்று. பிள்ளைகள் மூவரும் இசைந்தனர். தாயும் மறுப்புச் சொல்லாமல் கையெழுத்திட்டார். எழுபதைக் கடந்தவர் அவர். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார். "தரையை உடைக்கும்போது நான் இங்க இருக்க வேண்டாம்ப்பா."

மூத்த மகன் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பொறியாளர். சுற்றுலா நுழைவிசைவில் வருபவர் அங்கே ஆறு மாதம் வரை தங்கலாம். வீடு இடிபடும் காலத்தில் அம்மா தம்மோடு இருக்கட்டும் என்றார் அவர். பயணம் டிசம்பர் மாதத்துக்கு உறுதியானது. அப்போதுதான் தாய்க்கென ஒதுக்கிய படுக்கையறையின் தரையை அவர் முதன்முறையாக உற்றுப் பார்த்தார். தாய் கட்டிலில் உறங்குபவர் அல்லர். முதுகுவலிக்கு மருத்துவர் சொன்ன நாள்முதல் தரையில் பாய் விரித்துப் படுப்பதே அவருக்கு வழக்கம்.

குளிர்நாட்டின் தரை

அந்த வீடு நூறாண்டுக்கு முற்பட்ட செங்கல் வரிசைவீடுகளுள் ஒன்று. அத்தகைய வீடுகளில் தரை என்பது மண்ணின்மேல் அமைந்ததன்று. மரச்சட்டங்களின்மேல் பலகைகளை அடுக்கி, அடியில் காற்று உலவ இடைவெளி விட்டிருப்பார்கள். ஈரம் ஏறிப் பலகை உளுத்துப்போகாதிருக்க அந்தக் காற்று வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் அதே காற்று பலகைகளின் இடுக்குகள் வழியே அறைக்குள் நுழைந்து கணுக்காலைக் கவ்வும். முந்தைய உரிமையாளர் போட்டிருந்த கம்பளம் நைந்துபோயிருந்ததால் மகன் அதை எடுத்தெறிந்திருந்தார். வெறும் பலகையின்மேல் எழுபது வயதுத் தாயைப் படுக்க வைப்பது இயலாத செயல்.

ஒரே அறையில் இருக்கும் ஓடும் கம்பளமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆயினும் காலுக்கு ஓடு குளிர்ச்சியாகவும் கம்பளம் இதமாகவும் படுகின்றன. உடலின் வெப்பத்தை ஓடும் சிமென்ட்டும் விரைந்து ஈர்த்துக்கொள்கின்றன. கம்பளத்தின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. மந்தைவெளியில் மே மாதத்தில் வரமாக இருப்பது பர்மிங்காமில் சனவரியில் தண்டனையாகிறது. பொருளின் பண்பு மாறவில்லை. மனிதர் நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

குளிரைத் தமிழ் அறியாததன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை ஒரு கூதிர்காலத்து நகரைக் காட்டுகிறது. அங்கே மக்கள் அகன்ற வாயுடைய தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். இரைதேடவும் போகாத புறாக்கள் மாடத்தில் கால்மாற்றி நிற்கின்றன. அரசியின் கட்டிலோ யானைக் கொம்பால் செய்த கால்களை உடையது. அன்னத்தின் தூவியை அடைத்த மெத்தை அதன்மேல் விரிந்திருக்கிறது. கட்டிலையும் மெத்தையையும் இத்தனை நுணுக்கமாகச் சொன்ன புலவர், அறை முழுவதையும் மூடும் கம்பளம் ஒன்றைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால்தான் வியப்பு. தமிழ்நாட்டின் குளிர் வந்து போகும் விருந்தாளி. அதற்காக எவரும் தரையை மாற்றுவதில்லை.

முடிச்சிலிருந்து முழுத்தரைக்கு

மகன் கடைக்குச் சென்றபோது, தேர்ந்தெடுக்க வேண்டியவை இத்தனை என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. கம்பளியா, நைலானா, இரண்டும் கலந்ததா? நூற்றுக்கு எண்பது பங்கு கம்பளியும் இருபது பங்கு நைலானும் கலந்த வகை அந்நாட்டில் பெரிதும் விற்பனையாவது. கம்பளி இதம் தரும். நைலான் உழைப்பைத் தாங்கும். அங்குள்ள அகலக் கம்பளங்கள் பெரும்பாலும் 4 மீட்டர் அல்லது 5 மீட்டர் அகலச் சுருள்களாகக் கிடைக்கும். அறை அதைவிடச் சிறிதாக இருந்தாலும் முழு அகலத்துக்கும் விலை கொடுக்க வேண்டும், மிஞ்சியது துண்டுதான். அறையின் அளவை எடுக்கும்போது கதவு அமைந்த உள்ளிடத்தையும் சேர்த்து, மிக அகன்ற இடத்தில் அளக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

கம்பளத்தின் வரலாறு மிக நீண்டது. ஆல்தாய் மலைப்பகுதியின் பாசிரிக் என்னுமிடத்தில் 1949ஆம் ஆண்டு ருசியத் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ ஒரு கல்லறையைத் தோண்டினார். பனிக்கட்டியில் உறைந்துகிடந்த கம்பளம் ஒன்று அங்கே கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். ஒவ்வோர் இழையும் கையால் முடிச்சிட்டது. விளிம்பில் குதிரைவீரர்களும் மான்களும் அணிவகுக்கும் வேலைப்பாடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய அது இன்று செயின்ட் பீட்டர்சுபர்க் நகரத்து எர்மிதாச் அருங்காட்சியகத்தில் உள்ளது. கம்பளம் குளிர்நிலத்து நாடோடிகளின் உடைமையாக இருந்ததில் பொருள் இருக்கிறது. சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய தரை அது.

இங்கிலாந்தில் ஆக்சுமின்சுடர் என்னும் சிற்றூரின் நெசவாளர் தாமசு விட்டி, துருக்கியக் கம்பளம் ஒன்றை இலண்டனில் கண்டு வியந்து, தம் மகள்களின் துணையோடு 1755இல் அதுபோன்றதொன்றை நெய்து முடித்தார். அக்காலத்தில் கம்பளம் செல்வர் வீட்டு அணிகலன். எளிய மக்களின் படுக்கையறைக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. அமெரிக்காவின் சார்சியா மாநிலத்து டால்டன் ஊரில் கேத்தரின் இவான்சு என்னும் சிறுமி 1895ஆம் ஆண்டு, பழைய போர்வை ஒன்றைப் பார்த்து, துணியில் நூலைக் குத்தியெடுத்துக் குஞ்சம் அமைக்கும் முறையில் தானும் ஒரு போர்வையைச் செய்தாள். அந்தக் கைவேலை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பரவி வீட்டுத்தொழிலாயிற்று. பின்பு அதற்கு எந்திரம் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், போர்வைக்கான எந்திரங்கள் அகன்று கம்பளம் செய்யத் தொடங்கின. நெய்வதைவிடக் குத்துவது பன்மடங்கு விரைவு. செயற்கை இழையும் சேர்ந்துகொள்ள, சுவர்முதல் சுவர்வரை மூடும் கம்பளம் ஊர்ப்பொதுவாயிற்று. ஒரு சிறுமியின் போர்வையில் தொடங்கியதுதான் இன்று பல நாடுகளின் படுக்கையறைத் தரைகளில் கிடக்கிறது.

பதிப்பவரின் முழங்கால்

கம்பளம் பதிக்கும் நாளன்று முதியவர் ஒருவர் சிறுவண்டியில் வந்து இறங்கினார். நாற்பது ஆண்டுகளாக அதே தொழில். அறையைக் காலிசெய்து வைத்திருக்க வேண்டும் என்பது உடன்பாடு. பலகைகளில் ஆடியவற்றை ஆணியடித்து இறுக்கினார். துருத்திய ஆணித்தலைகளை உள்ளே அடித்தார். பின்பு சுவரோரம் நெடுகிலும் மெல்லிய மரப்பட்டைகளைப் பொருத்தினார். அவற்றில் நூற்றுக்கணக்கான சிறு முட்கள் சுவரை நோக்கிச் சாய்ந்து நின்றன. கம்பளத்தைப் பற்றிப் பிடிப்பவை அந்த முட்களே. பட்டைக்கும் சுவருக்கும் இடையே விரல் நுனி நுழையாத சந்து ஒன்றை விட்டார். கம்பளத்தின் வெட்டுவிளிம்பு பிற்பாடு அந்தச் சந்தில் மடிந்து மறையும்.

அடுத்தது அடிவிரிப்பு. நடக்கும்போது மெத்தென்று இருப்பதற்கும் வெப்பம் இழக்காதிருப்பதற்கும் காரணம் பெரிதும் அதுவே. கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் பலர் அதில் சிக்கனம் பார்ப்பார்கள். அறையில் கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று முதியவர் கேட்டார். கட்டில் இல்லை, தாய் தரையில்தான் உறங்குவார் என்றார் மகன். முதியவர் சற்று நேரம் அறையைப் பார்த்தபடி நின்றார். வண்டிக்குத் திரும்பிப்போய், கொண்டுவந்ததைவிடத் தடித்த சுருள் ஒன்றை எடுத்துவந்தார். வேறொரு வீட்டில் மிஞ்சியது, கூடுதல் பணம் வேண்டாம் என்றார்.

கம்பளத்தை விரித்த பிறகுதான் உண்மையான உழைப்பு. ஒருமுனையில் பற்களும் மறுமுனையில் திண்டும் உடைய கருவி ஒன்றைக் கம்பளத்தில் ஊன்றி, திண்டை முழங்காலுக்கு மேற்புறத்தால் ஓங்கி உதைத்தார். ஒவ்வோர் உதைக்கும் கம்பளம் சிறிது முன்னகர்ந்து முட்களில் மாட்டியது. சுவரெல்லாம் சுற்றிவர எத்தனை உதை! இழுவை போதாவிட்டால் சில மாதங்களில் அலையலையாகச் சுருக்கம் எழும். மிகுந்தால் அடித்துணி கிழியும். இந்தக் கருவியால் பதிப்பவர்களின் முழங்கால்கள் சிதைவதைப் பற்றி அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலத் தேசிய நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. உதைப்பதற்கு மாற்றாக நெம்புகோல் கொண்டு இழுக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொன்னது. சிறிய அறைகளில் அதைப் பொருத்துவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று முதியவர் சிரித்தார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். மந்தைவெளி வீட்டின் தரையை இழைத்த கொத்தனாரும் இப்படித்தான் எழுந்திருப்பார். யாரோ ஒருவர் மண்டியிட்டால்தான் மற்றவர் நிமிர்ந்து நடக்கத் தரை கிடைக்கிறது.

இறுதியில் கதவு மூடவில்லை. கம்பளத்தின் தடிப்பை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. கதவைக் கழற்றி அதன் அடிப்பகுதியை அறுத்து மீண்டும் மாட்ட வேண்டியதாயிற்று.

"தரை எங்கப்பா?"

தாய் வந்து சேர்ந்த இரவில் பனி பெய்துகொண்டிருந்தது. அறைக்குள் காலெடுத்து வைத்தவர் சட்டென்று நின்றார்.

"என்னப்பா இது, வீட்டுக்குள்ள புல்லு முளைச்ச மாதிரி இருக்கு?"

"குளிருக்காகப் போட்டதும்மா. இந்த ஊர்ல எல்லார் வீட்டுலயும் உண்டு."

"அது சரி. தரை எங்க?"

மகனுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முதல் அவருடைய ஐயங்கள் தொடர்ந்தன. இதை எப்படிக் கழுவுவது? கழுவ முடியாதென்றால் தூசி எங்கே போகும்? விளக்கேற்றுமிடத்தில் கோலம் எப்படிப் போடுவது? தூசி உறிஞ்சும் எந்திரத்தை மகன் இயக்கிக் காட்டினார். அதன் வயிற்றிலிருந்து கொட்டிய தூசியைக் கண்டு தாய் திகைத்தார். "இவ்வளவையும் மடியிலே கட்டிக்கிட்டா தூங்குறோம்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தும்மலையும் இழைப்பையும் தூண்டக்கூடிய கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் வாழக் கம்பளம் ஏற்ற இடம். செருப்பைத் தெருவோடு விட்டுவிட்டு, நாள்தோறும் தரையை ஈரத்துணியால் துடைக்கும் நாகரிகத்துக்கு இந்த விரிப்பு எளிதில் பிடிபடாது. கோலத்துக்கு ஒரு வழி கிடைத்தது. சமையலறையின் தரை ஓடு பதித்தது. அங்கே சிறியதாக நாலு புள்ளிக் கோலம் விழுந்தது.

உறக்கந்தான் வரவில்லை. அவர் தம்மோடு பத்தமடைப் பாய் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். பிறந்த வீடு அம்பாசமுத்திரம் பக்கம். பத்தமடை அங்கிருந்து தொலைவில்லை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, கையால் மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்வார்கள். கீற்று எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு பாய் துணியாகிறது. மிக நேர்த்தியான வகைக்குப் பட்டுப்பாய் என்றே பெயர். மணமக்களின் பெயரை ஊடே நெய்து தருவதும் உண்டு. நெய்பவர்களில் பெரும்பாலோர் அவ்வூர் இசுலாமியப் பெண்கள். பாயல் என்றால் படுக்கை. கப்பலில் காற்றுக்கு விரிக்கும் பாயும் பாய்தான். விரிவதும் சுருள்வதும் அதன் இயல்பு. மெத்தென்ற கம்பளத்தின்மேல் அந்தப் பாய் படியவே இல்லை. அடியில் உறுதியான தரை இருந்தால்தான் கோரை தன் குணத்தைக் காட்டும். புரளும்போதெல்லாம் அது நழுவியது.

நான்காம் நாள் இரவு மகன் எட்டிப்பார்த்தபோது பாய் மூலையில் சுருட்டி நின்றது. தாய் கம்பளத்தின்மேல் ஒரு போர்வையை மட்டும் விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். உறங்குகிறார் என்று எண்ணி விளக்கை அணைக்கப் போனவரிடம் இருட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இந்நேரம் கூடத்தை உடைச்சிருப்பாங்க இல்ல?"

தம்பியிடமிருந்து அன்று மாலைதான் செய்தி வந்திருந்தது. கூடம் முடிந்துவிட்டது, சமையலறைத் தரை மட்டும் எளிதில் பெயரவில்லை. மகன் அதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். கேட்ட பின் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆமாம்மா."

சற்று நேரம் அமைதி. "உங்க அப்பாவைக் கடைசியா அங்கதான் கிடத்தியிருந்தோம்" என்றார் தாய். பிறகு, கம்பளத்தைக் கையால் தடவி, "இதை வேற வீட்டுக்குப் போனா எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். எடுக்கலாம், முட்களிலிருந்து பெயர்த்துச் சுருட்டலாம் என்றார் மகன். "நல்லதுதான்" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒருநாள் மகன் அவரைப் பர்மிங்காமுக்குத் தென்மேற்கே உள்ள கிட்டர்மின்சுடருக்கு அழைத்துச் சென்றார். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கம்பள நெசவால் பெயர்பெற்ற ஊர் அது. 2012இல் அங்கே கம்பள அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய தறிகள் இருந்த கூடத்தில் தாய் நெடுநேரம் நின்றார். ஊடு எது, பாவு எது என்று மகனுக்குச் சுட்டிக்காட்டினார். தறி முன் இருந்த காவலர் பெண்ணிடம், மகனை மொழிபெயர்க்கச் சொல்லி, நெய்தவர்களுக்கு முதுகு வலிக்குமா என்று கேட்டார். நிறையவே வலித்திருக்கும் என்று விடை வந்தது. இருவரும் ஏதோ உறவினர்போல் தலையசைத்துக்கொண்டனர். அன்றிரவு அவர் நன்றாக உறங்கினார். அலைச்சலும் காரணமாக இருக்கலாம்.

மே மாதம் தாய் ஊர் திரும்பினார். பெட்டி கட்டும்போது பாய் வெளியே இருந்தது. மறந்துவிட்டார் என்று மகன் எடுத்துவந்தார்.

"இருக்கட்டும். வெயில் காலத்துக்கு உனக்கு உதவும்."

இந்த ஊரில் வெயில் காலமா என்று மகன் சிரித்தார்.

2022 சூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரி செல்சியசைத் தாண்டியது. குளிரை உள்ளே விடாதிருக்கக் கட்டிய வீடுகள் அன்று வெப்பத்தை வெளியே விட மறுத்தன. மின்விசிறிகள் கடைகளில் தீர்ந்துபோயிருந்தன. நள்ளிரவாகியும் மாடியறையின் கம்பளம் உள்ளங்காலில் அனலாகத் தட்டியது. மகன் தலையணையோடு மூலையிலிருந்த பாயையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சமையலறையின் ஓட்டுத்தரையில் அதை விரித்தார். பாய் ஒரு சுருக்கமும் இல்லாமல் படிந்தது. சிறிது நேரம் கழித்து அதையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

மந்தைவெளியில் அப்போது விடியற்காலை. புதிய அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் தாய் எழுந்திருக்கும் நேரம். வழவழப்பான வெள்ளை ஓடு பதித்த தரை வழுக்குகிறது என்று முந்திய வாரந்தான் தொலைபேசியில் குறைபட்டிருந்தார். விடிந்ததும் அழைத்து, பாயை விரித்த செய்தியைச் சொல்ல வேண்டும் என்று மகன் நினைத்துக்கொண்டார்.